உங்கள் காருக்கு இரண்டு இடது கால்கள்

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் ஓர் ஆசிரியையின் கடிதம் இது. பெயர், பள்ளி, கார் கம்பெனி எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எடுத்துவிட்டேன். ஆறு பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்:

நான்கு வருடம் முன்பு புதிதாக வாங்கிய பெட்ரோல் டர்போ கார். ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். 52,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வாரநாட்களில் வீட்டுக்கும் பள்ளிக்கும், சனிக்கிழமை தவறாமல் ஏற்காட்டுக்கும். அங்கே சின்னக் காபித் தோட்டத்தோடு அப்பா தனியாக இருக்கிறார். போன மே மாதம், கோடை விழா நேரத்தில், தங்கை குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஐந்து பேராகப் போயிருக்கிறார். அடிவாரம் தாண்டியதிலிருந்தே வண்டி வரிசை. 12-ஆவது கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்தில் ஏதோ கருகும் வாடை. கூடவே டேஷ்போர்டில் கியர் பாக்ஸ் சூடாகிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும் என்று எச்சரிக்கை. நிறுத்த இடம் இல்லாமல் அப்படியே ஓட்டி மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் மாடு உடம்பைச் சிலுப்புவது போல ஓர் உதறல். காலையில் லேசாக இருக்கும். நாலு ரோடு நெரிசலில் நின்று நின்று போனால் பலமாகிவிடும்.

சர்வீஸ் சென்டரில், "கியர் பாக்ஸை செட்டாவே மாத்தணும் மேடம், ரெண்டு லட்சத்துக்கு மேல ஆகும். கிளட்ச் தேயற சாமான், வாரண்டியில வராது" என்றார்களாம். தெரிந்த மெக்கானிக், "ஆயில் மாத்துனா சரியாயிடும்க்கா" என்கிறார். தங்கையின் கணவரோ, இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் கியர் பாக்ஸ் தேயாது என்கிறார். வீட்டுக்காரர், "நீ ஓட்டித்தான் எரிச்சுட்ட" என்று சொல்லிவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் விற்றுவிடலாம் என்பதும் அவர் யோசனைதான். வாங்க ஒருவர் அட்வான்ஸோடு தயாராக இருக்கிறாராம். ஆசிரியை கேட்பது: தப்பு என் மேலா? சரிசெய்வதா, விற்பதா? சனிக்கிழமை இதில் மலை ஏறலாமா?

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஏற வேண்டாம். உதறல் இருக்கும் கிளட்ச் சீக்கிரம் சூடேறும். சூடு அளவைத் தாண்டினால் காரின் கம்ப்யூட்டர் கிளட்ச்சைக் காக்க இழுவையை விட்டுவிடும். கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருக்கும்போது அது நடக்கக்கூடாது. சரியாகும் வரை பஸ்ஸில் போய் வாருங்கள். அப்பாவிடம் காரணம் சொன்னால் புரிந்துகொள்வார்.

கிளட்ச் இல்லாத கார் இல்லை இது

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: "ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சே கிடையாதே, எரிவதற்கு அதில் என்ன இருக்கிறது?" இல்லாதது பெடல் மட்டும்தான். கிளட்ச் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. 1, 3, 5, 7 கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்கிறது. 2, 4, 6 மற்றொன்றின் பொறுப்பு. நீங்கள் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே மூன்றாவது கியரை இயந்திரம் உள்ளே பூட்டித் தயாராக வைத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, அதே நொடியில் மற்றது பிடிக்கும். கியர் மாறுவதே தெரியாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போவது அதனால்தான். மேனுவல் காரில் உங்கள் இடது கால் செய்த வேலையை இங்கே இரண்டு இடது கால்கள் முறைபோட்டுச் செய்கின்றன. அந்தக் கால்கள் இயந்திரத்துடையவை. எப்போது, எவ்வளவு மிதிக்க வேண்டும் என்ற உத்தரவு மட்டும் உங்கள் வலது காலிலிருந்து போகிறது.

(பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் இந்த யோசனையோடு அலைந்தது 1930-களின் கடைசியில். 1980-களில் போர்ஷே ரேஸ் கார்களில் ஓடியது. 2003-இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32 மூலம் கடைக்கு வந்தது. ரேஸில் ஓடிப் பழகிய சாமான், கோடை விழா வரிசையில் நின்று வேர்க்கிறது.)

இதில் இரண்டு ஜாதி உண்டு. கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஈரக் கிளட்ச். மேனுவல் காரில் இருப்பது போலக் காற்றில் சுற்றும் உலர் கிளட்ச். ஈரக் கிளட்ச்சில் உண்டாகும் சூட்டை எண்ணெய் வாங்கிக் கூலருக்குக் கொண்டுபோய்விடும். உலர் கிளட்ச்சுக்கு அந்த வசதி இல்லை. சுற்றியிருக்கும் காற்றுதான் கதி, அதுவும் ஒரு மூடிய குடத்துக்குள். நீங்கள் சொன்ன இன்ஜினையும் வருடத்தையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது உலர் வகை. அதனால்தான் மெக்கானிக் தம்பி சொன்ன வைத்தியம் வேலைக்கு ஆகாது. உங்கள் கியர் பாக்ஸிலும் எண்ணெய் இருக்கிறது, அதற்குரிய காலத்தில் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது பல்சக்கரங்களுக்கான எண்ணெய். கிளட்ச் பிளேட்டை அது தொடுவதே இல்லை. பிளேட்டில் எண்ணெய் பட்டால்தான் ஆபத்து. ஈரக் கிளட்ச் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு: அங்கே எண்ணெய் மாற்றுவதுதான் பராமரிப்பில் பாதி. "ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கார் புத்தகத்தைத் திறந்து கி.மீ. கணக்கைப் பாருங்கள்.

தப்பு யார் மேல்?

நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் தேவையில்லை, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் வண்டி அப்படியே நிற்கும் என்று அவர்தான் பழக்கிவிட்டார். அவருடைய ஆபீஸ் காரும் ஆட்டோமேட்டிக்தான்."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆபீஸ் கார் டார்க் கன்வெர்ட்டர் வகையாக இருந்திருக்கும். அதில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் எண்ணெய்தான் சுழன்று இழுவையைக் கடத்துகிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிறுத்தினால் எண்ணெய் சூடாகும், பெட்ரோல் வீணாகும், தேய்வதற்குப் பிளேட் எதுவும் அங்கே உரசிக்கொண்டிருக்காது. உங்கள் காரில் அதையே செய்தால் சரியான ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிக்கொண்டிருக்கும் நிலை. மேனுவல் காரில் இப்படி ஐந்து நிமிடம் நின்றால் பக்கத்தில் இருப்பவரே "கிளட்ச் போயிடும், காலை எடு" என்பார். இங்கே பெடல் இல்லாததால் சொல்ல ஆள் இல்லை.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு 1,500 கிலோ வண்டி, பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு. முதல் கியரில், இன்ஜின் 1,000 சுற்றில் இருக்க, பிரேக் இல்லாமல் ஆக்சிலரேட்டரால் மட்டும் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அந்தக் கிளட்ச்சில் ஏறக்குறைய 3 கிலோவாட் சூடாக மாறும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றை ஒரு சோற்றுத் தட்டு அகல இடத்துக்குள் அழுத்தி வைத்தது போல. உங்களுக்கு வந்த வாடை அதுதான். பிளேட்டின் மேல்பரப்பு வெந்து கண்ணாடி போல வழுவழுப்பாகிவிடும். பிறகு ஒரே சீராகப் பிடிக்காது, விட்டு விட்டுப் பிடிக்கும். அதைத்தான் நீங்கள் மாடு சிலுப்புவது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைவிட நல்ல வர்ணனை எந்த சர்வீஸ் புத்தகத்திலும் இல்லை.

ஆக, உங்கள் கால் செய்ததுதான். கற்றுக்கொடுத்தது உங்கள் வீட்டுக்காரர். அவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தான் ஓட்டிய வண்டியில் கெடுதல் தெரியாத பழக்கத்தையே சொன்னார். இரண்டுக்கும் பெயர் ஆட்டோமேட்டிக் என்று ஆனதுதான் குழப்பம். இந்தப் பத்தியை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

பழக்கம் சரியாக இருந்திருந்தாலும் அன்றைய வரிசை கிளட்ச்சைச் சோதித்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இன்ஜின் ஐட்லிங்கில், முதல் கியரில், கிளட்ச் முழுதாகப் பிடித்து ஓட வண்டிக்கு ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. காருக்குக் கார் மாறும். மணிக்கு 6, 7 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது வேகமாக நடக்கும் ஆளின் வேகம். வரிசை அதைவிட மெதுவாக நகர்ந்தால், நீங்கள் என்ன செய்தாலும் கிளட்ச் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டு லட்சத்துக்கு முன்னால்

கியர் பாக்ஸை முழுதாக மாற்றச் சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். மறுக்கவும் வேண்டாம். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்கேன் போட்டபோது வந்த கோளாறு எண்கள் எவை? இரண்டு கிளட்ச்சிலும் தேய்மானம் எவ்வளவு? எதில் உதறல், ஒற்றைப்படைக் கியர்களின் கிளட்ச்சிலா, இரட்டைப்படையிலா? கிளட்ச் பிடிக்கும் புள்ளியைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலை, அடாப்டேஷன் என்பார்கள், அதைச் செய்து பார்த்தார்களா? இந்த மாடலுக்குப் புதிய சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா? போகிற போக்கில் பேட்டரியையும் பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் குறைந்த பேட்டரி இந்தக் கியர் பாக்ஸ்களில் என்னென்னவோ கூத்துக் காட்டும்.

என் அனுபவத்தில், பிளேட் வெந்த வண்டிக்கு அடாப்டேஷன் சில வாரம் நிம்மதி தரும், பிறகு பழைய குருடிதான். உங்கள் அறிகுறிகளுக்கு நான் எதிர்பார்ப்பது கிளட்ச் செட்டை மட்டும் மாற்றும் வேலை. பல்சக்கரங்களும், கியரைத் தள்ளும் மெகாட்ரானிக்ஸ் என்ற மூளைப் பகுதியும் கெட்டதற்கு நீங்கள் எழுதியதில் தடயம் இல்லை. கியர் விழாமல் போவது, ரிவர்ஸ் கிடைக்காமல் போவது, ஒற்றைப்படைக் கியர்கள் மொத்தமாகக் காணாமல் போவது, இப்படி எதுவும் நடக்கவில்லையே. கிளட்ச் செட் மாற்றும் வேலையைத் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் கொடுக்காதீர்கள். கழற்றி மாட்டத் தனிக் கருவிகள் வேண்டும், இடைவெளியை மில்லிமீட்டரின் பின்னத்தில் அளக்க வேண்டும். புது பிளேட் போட்டும் உதறலோடு வெளியே வந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

வாரண்டி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. கிளட்ச் தேயும் பொருள் என்று வாரண்டித் தாளில் பெரும்பாலும் எழுதித்தான் இருக்கும். ஏற்றத்தில் பிடித்து நிறுத்தியதும், எச்சரிக்கை வந்த பிறகும் ஓட்டியதும் உங்களுக்கு எதிராக நிற்கும். அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. 8,000 கி.மீ. சர்வீஸிலேயே, ஐந்து ரோடு நெரிசலில் வண்டி உதறுகிறது என்று சொன்னீர்கள், "இந்த மாடல் அப்படித்தான் மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள் என எழுதியிருக்கிறீர்கள். அது ஜாப் கார்டில், அதாவது சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொன்ன குறைகளை எழுதும் சீட்டில், ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால், ஆரம்பத்திலேயே சொன்ன குறையை அவர்கள் பார்க்கவில்லை என்று கேட்க உங்களுக்கு ஒரு காகிதம் இருக்கிறது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அது நீங்களும் அவர்களும் பேசிக்கொண்டது, அவ்வளவுதான்.

முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மெயில். பணிவாக, தேதி போட்டு, ஜாப் கார்டு நகலோடு. முழுச் செலவையும் ஏற்காவிட்டாலும் உதிரிபாக விலையில் ஒரு பங்கைத் தாங்கச் சொல்லிக் கேட்கலாம், அப்படிக் கிடைத்தவர்கள் உண்டு. பதில் சரியில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் கெடு. நான் இன்ஜினியர், வக்கீல் இல்லை. அந்தக் கட்டத்துக்குப் போனால் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிட்டுப் போங்கள். என்னைக் கேட்டால், முழுக் கியர் பாக்ஸ் விலையைத் தலையில் கட்டினால் மட்டும் சண்டை போடுங்கள். கிளட்ச் செட் விலைக்காக வருடக்கணக்கில் அலைவது கட்டுப்படியாகாது.

சொல்லாமல் விற்பது பற்றி

வேண்டாம். தெரிந்தே குறையை மூடிமறைத்து விற்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் மோசடிக்குள் வருகிறது. வாங்கியவர் வியாபாரத்தையே ரத்துச் செய்யக் கேட்கலாம். அது ஒரு பக்கம். வாங்குபவரும் சேலத்துக்காரர் என்கிறீர்கள். அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலை ஏறுவார். விற்பதானால் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, கிளட்ச் செலவை விலையில் கழித்து விற்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் நான்கு வருட வண்டி, மற்ற எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வாக்கு. அடுத்த கார் வாங்கும்போது வாரம் தவறாமல் மலை ஏறுபவர் என்ற முறையில் டார்க் கன்வெர்ட்டரையோ ஈரக் கிளட்ச்சையோ பாருங்கள்.

புது கிளட்ச்சோடு மலை ஏறும்போது

ஏற்றத்தில் வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்டு இரண்டு நொடிதான் பிடிக்கும். அது கிளம்புவதற்கான வசதி, நிற்பதற்கானது அல்ல. பிரேக்கை அழுத்தமாக மிதித்தால் லீவர் 'டி'யில் (டிரைவ்) இருந்தாலும் கிளட்ச் விலகிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு சிக்னலிலும் நீங்கள் நியூட்ரலுக்குப் போய்த் திரும்புவது தேவையில்லாத வேலை. பிரேக்கைப் பட்டும் படாமலும் மிதித்துக்கொண்டு ஊர்வதுதான் கெடுதல்.

வரிசையில் முன் வண்டி இரண்டடி நகர்ந்தால் நீங்கள் இரண்டடி நகராதீர்கள். மூன்று கார் நீளம் இடைவெளி விழும் வரை பிரேக்கில் நில்லுங்கள். பிறகு ஒரே மூச்சாகக் கிளம்பி, கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வேகத்தில் போய், மறுபடி நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், கிளட்ச் செட்டுக்கு அவர்கள் பணம் கட்டப்போவதில்லை.

ஏற்காட்டுச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் செத்துப்போகும்போது கம்ப்யூட்டர் இரண்டாவது கியரிலேயே தொங்கிக்கொண்டு கிளட்ச்சை வழுக்கவிட்டுச் சமாளிக்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே மேனுவல் மோடுக்குப் போய் ஒன்றாவதை நீங்களே போடுங்கள். நிமிர்ந்ததும் இரண்டு. இறங்கும்போதும் அதே மோடில் இரண்டு அல்லது மூன்று. தங்கை கணவர் சொன்ன நியூட்ரலை மறந்துவிடுங்கள். நியூட்ரலில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும், அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடாகி மிதி அமுங்கத் தொடங்கும். கியர் பாக்ஸை மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைக்கும் சிக்கனம் அது. இறங்கும்போது கிளட்ச் முழுதாகப் பிடித்திருப்பதால் அதற்குத் தேய்மானமும் இல்லை.

மறுபடி சூட்டு எச்சரிக்கை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, 'பி'யில் (பார்க்) வைத்து, இன்ஜினை அணைக்காமல் சில நிமிடம் விடுங்கள். எச்சரிக்கை மறைந்த பிறகு கிளம்பலாம். தண்ணீர் ஊற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்பா வீட்டுச் சரிவான வாசலில் நிறுத்தும்போது ஒரு வரிசை: கால் பிரேக், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பிறகு கால் பிரேக்கை மெல்ல விட்டு வண்டி ஹேண்ட் பிரேக்கில் அமர்ந்ததைப் பார்த்து, மறுபடி கால் பிரேக் மிதித்து, பி. நேராகப் பி போட்டுக் காலை எடுத்தால் மொத்த வண்டியும் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் விரல் பருமன் கொக்கியில் தொங்கும். எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வருவதாக எழுதியிருந்தீர்களே, அது இதுதான். அதற்கும் உதறலுக்கும் சம்பந்தமில்லை, பயப்பட வேண்டாம்.

அந்த 8,000 கி.மீ. ஜாப் கார்டைத் தேடிப் பாருங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டரில் இருக்கும், பிரதி கேட்டால் தருவார்கள். அதில் 'உதறல்' என்ற சொல்லோ அதற்கு நிகரான எதுவோ இருக்கிறதா என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய மெயிலை அதை வைத்துத்தான் எழுத வேண்டும்.